256 முறை தோற்றவர்!

பாக்ஸிங் என்றதும் எல்லோரும் முகமது அலி, டைசன் என்று ஆரம்பிப்பார்கள். நம்ம ஆசாமி வேறு. பெயர் பீட்டர் பக்லி. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம்காரர். 1989-ல் தொழிலுக்கு வந்து, மொத்தம் 300 முறை ரிங்குக்குள் ஏறினார். ஜெயித்தது 32. டிரா 12. மிச்சம்? கால்குலேட்டரைத் தேடாதீர்கள்... 256 தோல்வி!

'இதெல்லாம் ஒரு பிழைப்பாடா?' என்கிறான் பக்கத்து சீட் நண்பன்.

பிழைப்புதான்! வளர்ந்து வரும் உள்ளூர்ப் பையனுக்குத்தான் டிக்கெட் விற்கும். அவன் மோதிப் பழக அனுபவசாலி ஒருத்தர் வேண்டுமே? போன் வரும். பக்லி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பின்னால் உலக சாம்பியனான நசீம் ஹமீதுகூட ஆரம்ப காலத்தில் இவரோடு மோதியவர்தான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாக் அவுட் ஆனால் சில வாரங்களுக்கு ரிங்கில் ஏறத் தடை. அதாவது, வருமானம் கட்! ஆகவே, தோற்கலாம்; சாயக் கூடாது. பக்லியின் பெரும்பாலான தோல்விகள் பாயின்ட் கணக்கில்தான். கடைசி மணி அடிக்கும்போது மனுஷன் நின்றுகொண்டிருப்பார்.

2008 அக்டோபர் 31. சொந்த ஊரில் 300-வது சண்டை. அதுவே கடைசி. அதற்கு முன் ஐந்து வருஷமாக ஒரு வெற்றிகூட இல்லை. அன்றைக்கு ஜெயித்துவிட்டுத்தான் கிளவுஸைக் கழற்றினார்!

பிரமோஷன் லிஸ்ட்டில் நம் பெயர் இல்லாத அன்று டைசனை நினைத்து என்ன பிரயோஜனம்? மறுநாள் காலை டிபன் பாக்ஸோடு பஸ் ஏற வைக்கிறவர், எனக்கு பக்லிதான்.