வெளுத்துப்போன கருமேகம்

ஐப்பசியில் மழை கூடிவரும் இரவில் திருமுல்லைவாயிலில் ஒரு மொட்டை மாடியில் நின்று பார்த்தால் மேகம் கறுப்பாக இருக்காது. கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை, மேற்கே ஆவடி, தெற்கே திருவேற்காடும் பூந்தமல்லியும் மேலே அனுப்புகிற வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, சாம்பலும் மஞ்சளும் கலந்த வெளுப்பாகத் தொங்கும். வானத்திலேயே மேகம்தான் வெளிச்சம். மேகம் விலகிய இடம்தான் இருட்டு. இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதுதான் இயற்கை. மின்விளக்குக்கு முந்தைய தலைமுறைகள் அத்தனைக்கும் நிலவில்லாத இரவில் இதற்கு நேர்மாறாகத் தெரிந்தது. மேகம் என்றால் நட்சத்திரங்களை மறைத்தபடி நகரும் கறுப்பு. நகர வெளிச்சத்தால் நட்சத்திரங்களை இழந்துவிட்டோம் என்று எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். என் கட்சி வேறு. சில நட்சத்திரங்களாவது இன்னும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. மிச்சமில்லாமல் போனவை, அந்த நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் இருண்ட மேகங்கள்தான்.

பால்வீதியைத் தெளிவாகப் பார்க்கக் கிடைத்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே சீரான வெண்பட்டை அல்ல. நடுவே கறுப்பாகப் பிளவுபட்டுக் கிடக்கும். கேட்டை நட்சத்திரத்துக்கு அருகே கறுப்புக் கால்வாய்கள் ஓடும். தென்சிலுவைக்குப் பக்கத்தில் ‘கரிமூட்டை’ என்று பெயர் வாங்கிய பெரிய கருந்திட்டு உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் அதை ஒரு ஈமு பறவையின் தலையாகக் கண்டார்கள். ஐரோப்பிய அறிவியல் இவற்றை நெடுங்காலம் ஓட்டை என்றே நினைத்தது. 1785இல் வில்லியம் ஹெர்ஷல் விருச்சிகத்தில் கண்ட வெறுமையை வானத்தில் விழுந்த திறப்பாகவே எடுத்துக்கொண்டார். அமெரிக்கரான எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் பால்வீதியைப் புகைப்படம் எடுப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவருக்கும் இவை ஓட்டையா, பொருளா என்ற சந்தேகம் பல ஆண்டுகள் தீரவில்லை. 1913 கோடையில் நிலவில்லாத ஓர் இரவில் அவர் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, தனுசு ராசியின் ஒளித்திரள்களுக்குக் குறுக்கே சாதாரண மேகத் துணுக்குகள் சில வந்தன. நம் பூமியின் மேகம்தான். பின்னணி வெளிச்சத்தில் அவை மைத்துளி போலக் கன்னங்கரேலென்று தெரிந்தன. ஒளிக்கு முன்னால் பொருள் நின்றால் எப்படித் தெரியும் என்பதை வானமே செய்து காட்டிவிட்டது. 1919இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 182 கருந்திட்டுகள் இருந்தன. விண்வெளித் தூசு எங்கும் பரவி ஒளியை மங்கச் செய்கிறது என்பதை 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர் நட்சத்திரக் கொத்துகளை அளந்து நிலைநாட்டினார்.

அந்தப் பட்டியலில் 68ஆம் எண்ணுள்ள திட்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 500 ஒளியாண்டுத் தொலைவில், அரை ஒளியாண்டு அகலத்தில், உருண்டையாக நிற்கிறது. பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறுகள். எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தூசு. இப்படிப்பட்ட மேகத்தில் ஒரு கன சென்டிமீட்டரில் பத்தாயிரம் முதல் சில லட்சம் மூலக்கூறுகள் இருக்கும். நாம் மூச்சுவிடும் காற்றில் அதே இடத்தில் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி. ஆய்வுக்கூடத்தில் அந்த மேகத்தின் அடர்த்தியைச் செய்து காட்டினால் நல்ல வெற்றிடம் என்று பாராட்டுவார்கள்! ஆனால் ஒளி அதற்குள் ஏறக்குறைய ஐந்து லட்சம் கோடி கிலோமீட்டர் கடந்தாக வேண்டும். அத்தனை தூரத்துத் தூசும் சேர்ந்து ஒளியை விழுங்கிவிடுகிறது. வெளி ஒளி புகாததால் உள்ளே மைனஸ் 260 டிகிரிக்கும் கீழான குளிர். அந்தக் குளிரில்தான் வாயு தன் எடையிலேயே சுருங்கி நட்சத்திரமாக முடிகிறது. நம் சூரியனும் இப்படியொரு இருட்டிலிருந்து வந்ததுதான்.

இந்த இருண்ட மேகம் நகர வானத்தில் ஏன் முதலில் அழிகிறது? நட்சத்திரம் ஒரு புள்ளி. தன் ஒளியை ஓரிடத்தில் குவித்து வைத்திருப்பதால் வெளுத்த வானத்திலும் துருத்திக்கொண்டு நிற்கும். இருண்ட மேகத்துக்கு அப்படிச் சொந்தமாக ஒன்றுமில்லை. பின்னணிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடுதான் அதன் உருவம். ஒரு கணக்குக்காக, இயற்கையான இரவு வானின் ஒளியை 1 என்று வையுங்கள். பால்வீதி இன்னொரு 1 சேர்க்கிறது. அப்படியானால் பால்வீதி 2, அதை மறைக்கும் திட்டு 1. இரண்டுக்கு ஒன்று என்பது எந்தக் கண்ணுக்கும் தெரியும். இரண்டின் மேலும் நகர வெளிச்சம் 20 வந்து விழுந்தால் 22க்கு 21. விளிம்பு மழுங்கிய ஒரு திட்டில் இந்த வேறுபாட்டைக் கண் கண்டுபிடிக்காது. கேட்டை மட்டும் சிவப்பாக நின்றுகொண்டிருக்கும். மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கு தன் வீட்டிலிருந்து பால்வீதியைக் காண முடியாது என்று 2016இல் வெளியான, ஒளி மாசு பற்றிய உலக வரைபடம் சொன்னது. சென்னையின் மேற்குப் புறநகர் எந்தப் பங்கில் என்று சொல்லத் தேவையில்லை.

கருவி இருக்கக் கண் எதற்கு என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். பெங்களூரு நகரத்துக்குள்ளேயே ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 10.4 மீட்டர் மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி இருந்தது. தென்வானத்தின் கம் நெபுலாவில் வால் முளைத்த சிறு கருந்திட்டுகள் நகரும் வேகத்தை 1990களின் தொடக்கத்தில் அதைக்கொண்டு அளந்தார்கள். தெருவிளக்கு அந்த அலைகளைத் தொடுவதில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் கேட்டைக்கு அருகிலுள்ள மேகத்துக்குள்ளேயே புகுந்து படமெடுத்துவிட்டது. ஆராய்ச்சிக்கு நம் மொட்டை மாடி வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பர்னார்டின் சந்தேகத்தைத் தீர்க்க உதவிய காட்சி கருவிக்குள் நடந்ததல்ல. இரவு மேகம் கறுப்பாகத் தெரியும் என்ற, எந்த உழவருக்கும் மீனவருக்கும் தெரிந்த அனுபவம் அது. வெளுத்த மேகம் மட்டுமே பார்த்து வளர்ந்த மாணவர் வெப் எடுத்த படத்தை அழகு என்பார். மறைப்பதால்தான் அது தெரிகிறது என்பதைப் பாடமாக மனப்பாடம் செய்துதான் ஏற்க வேண்டும்.

சென்னைக் காற்றில் ஈரமும் புழுதியும் அதிகம், விளக்கை அணைத்தாலும் தெரியாது என்பது அடுத்த வாதம். கரிமூட்டை விஷயத்தில் இது ஓரளவு சரி. இங்கிருந்து அது தெற்கு அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான் எழும்பும். அவ்வளவு தாழ்வில் எந்தக் காற்றும் கெடுக்கும். பால்வீதியின் மையமோ 48 பாகை உயரம் வரை வருகிறது. அதே மழைக்காலங்களோடு இருக்கும் ஜவ்வாது மலையின் காவலூரில்தானே வானியலாளர் வைணு பாப்பு ஆய்வகம் அமைத்தார்? 1972இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியும் 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. புழுதி தன்னளவில் வானத்தை மங்கலாக்கும். வெளுக்க வைப்பது, அதன்மேல் நாம் அடிக்கும் வெளிச்சம். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் நகரத்து விளக்குகளை அணைத்தபோது ஒரு வாய்ப்பு வந்திருக்கலாம். பௌர்ணமி குறுக்கே வந்துவிட்டது.

பாதுகாப்பு பற்றிய கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது. வேலை முடிந்து கடைசி மின்சார ரயிலில் அண்ணனூரிலும் திருமுல்லைவாயிலிலும் இறங்கும் பெண்களிடம் போய் இருட்டின் பெருமையைப் பேசுவது அபத்தம். ஆனால் பக்கவாட்டிலும் மேலேயும் போகிற வெளிச்சம் அவர்கள் நடக்கும் தெருவில் விழுவதில்லை. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு அதற்குப் பின்னால் நிற்பவரை மறைக்கவும் செய்யும். நீலம் மிகுந்த வெள்ளை எல்இடி காற்றில் அதிகம் சிதறும். மஞ்சள் சாயல் கொண்டது குறைவாகச் சிதறும். 2022 டிசம்பரில் லடாக்கின் ஹான்லே இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, அங்குள்ள கிராமத்தார் இருட்டில் உட்காரவில்லை. விளக்குக்கு மூடி போட்டார்கள், சன்னலுக்குத் திரை போட்டார்கள். இங்கே அந்த அளவு இருட்டு வராது, வர வேண்டியதும் இல்லை. ஆவடி மாநகராட்சி அடுத்த முறை தெருவிளக்கு வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, மேற்பக்கம் முழுதாக மூடிய, மஞ்சள் சாயல் கொண்ட விளக்குகள் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.