சும்மா ஒரு நானூறு கிலோமீட்டர்!

அமெரிக்காவில் 'ரூட் 66' என்று ஒரு ரோடு இருந்தது. சிகாகோவில் கிளம்பி, எட்டு மாநிலங்களைத் தாண்டி, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரையில் போய் முடியும். கிட்டத்தட்ட 3,900 கிலோமீட்டர்! 1926ல் பிறந்த அந்த ரோட்டை, பெரிய பெரிய எக்ஸ்பிரஸ் சாலைகள் வந்த பிறகு 1985ல் அரசாங்கக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஆனாலும் விடவில்லை மக்கள். பழைய ரோட்டின் மிச்சத்தைத் தேடித் தேடி, உலகம் முழுக்க இருந்து பைக்கோடு வந்து இறங்குகிறார்கள். லெதர் ஜாக்கெட், தாடி, டப டப சத்தம்... போஸ்டரில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

எங்கள் ஹாஸ்டல் சுவரிலும் அப்படி ஒரு போஸ்டர் இருக்கிறது. ஆனால், அந்த போஸ்டர் சொல்லாத கதை ஒன்று உண்டு. 1930களில் ஒக்லஹோமா பக்கம் மழை பொய்த்து, மண் எல்லாம் புழுதியாகப் பறந்தபோது, விவசாயிகள் பாய் படுக்கையைப் பழைய கார்களில் கட்டிக்கொண்டு பிழைப்புத் தேடி மேற்கே போனது இதே ரோட்டில்தான். இன்றைக்கு ஜாலி ரைடு போகிற ரோடு, ஒரு காலத்தில் பஞ்சம் பிழைக்கப் போன ரோடு!

இதைப் படித்தபோது எனக்கு ஒக்லஹோமா ஞாபகம் வரவில்லை. திருச்சுழி ஞாபகம்தான் வந்தது.

கரிசக்காட்டு ரைடர்ஸ்

எங்க ஊர்ப் பக்கம் வந்திருக்கீங்களா? அருப்புக்கோட்டையில் இருந்து கிழக்கே திரும்பினால் திருச்சுழி. ரெண்டு பக்கமும் கரிசல். வெயில் காலத்தில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். மழை பெய்தாலோ, வண்டியை மண் பாதையில் இறக்கினீர்கள், அவ்வளவுதான்... மட்கார்டுக்குள் மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. குச்சியை வைத்து நோண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மிச்ச இடத்தை எல்லாம் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதன் முள்ளால் எங்கள் ஊரில் பஞ்சர் கடைக்காரருக்கு மட்டும் எந்தக் காலத்திலும் வேலைக்குப் பஞ்சம் இல்லை!

இங்கேயும் ரைடர்ஸ் உண்டு பாஸ். டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் எட்டு குடம் தண்ணீர் கட்டிப் போகிற அண்ணன், கரி மூட்டையை மலை மாதிரி அடுக்கிப் போகிற மாமா, விடிவதற்குள் மல்லிகைப் பூவை மார்க்கெட்டில் சேர்க்கிற பெரியப்பா... இவர்கள் பேலன்ஸுக்கு முன்னால் எந்த அமெரிக்கனும் நிற்க முடியாது. ஆனால், ஒரு விஷயம். எங்கள் ஊரில் வண்டி என்றால் வேலை. 'சும்மா போயிட்டு வாரேன்' என்று யாராவது சொன்னால், 'கோட்டிப்பய' என்று சிரிப்பார்கள்.

அப்படித்தான் நானும் மாட்டினேன். தேர்டு இயர் செமஸ்டர் முடிந்த லீவில், "அப்பா வண்டியை எடுத்துக்கிட்டு திருவண்ணாமலை வரைக்கும் போயிட்டு வரட்டா?" என்று வீட்டில் கேட்டேன்.

"அங்க யாருய்யா இருக்கா நமக்கு?" என்றார் அம்மா.

"யாரும் இல்லம்மா. சும்மாதான்."

"சும்மா போறதுக்கு அம்புட்டுத் தூரமா? லாரியும் பஸ்ஸுமா போற ரோடுய்யா அது!"

அம்மா பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. அப்பாவின் வண்டி 100 சி.சி. ஸ்பிளெண்டர். காலையும் மாலையும் அதில்தான் பால் கேன் போகும். ரெண்டு நாள் நான் எடுத்துப் போனால், பால் எப்படிப் போகும்?

ஒரு டீன் ஏஜ் பையனின் பயணம்

ஏன் திருவண்ணாமலை? காரணம் இருக்கு. திருச்சுழி கோயில் பக்கத்தில் ஒரு வீடு உண்டு. 1879 டிசம்பர் 30ல் அங்கே பிறந்தவர் வேங்கடராமன். உலகம் அவரை ரமண மகரிஷி என்கிறது. அந்த வீடு இப்போது 'சுந்தர மந்திரம்' என்ற நினைவில்லம்.

மதுரையில் படித்துக்கொண்டிருந்தவர், 1896 ஆகஸ்ட் 29ல், 16 வயதில், வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அண்ணன் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சம் ரெண்டை வைத்துவிட்டுப் போனார். கையில் இருந்த பழைய அட்லஸில் திருவண்ணாமலைக்கு ரயிலே இல்லை! அதனால் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். வண்டியில் வந்த ஒருவர் சொல்லித்தான் விழுப்புரத்தில் இறங்கி மாற வேண்டும் என்றே தெரிந்தது. காசு மாம்பழப்பட்டு வரைதான் வந்தது. அங்கிருந்து நடை. திருக்கோவிலூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1ம் தேதி அண்ணாமலை போய்ச் சேர்ந்தார். கூகுள் மேப் இல்லை, ஜி-பே இல்லை... யோசிச்சுப் பாருங்க!

இன்னொரு ஆச்சர்யம். அருப்புக்கோட்டை வழியாகப் போகிற தூத்துக்குடி - வேலூர் தேசிய நெடுஞ்சாலை 38, திருவண்ணாமலையையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. மதுரை, திருச்சி, விழுப்புரம், திருக்கோவிலூர் எல்லாம் அதே ரோட்டில். 'சும்மா இரு' என்று உலகத்துக்கே சொன்னவர் ஊரில் இருந்து, 'சும்மா' போய் வர இதைவிட நல்ல ரோடு கிடைக்குமா?

இதை எல்லாம் அம்மாவிடம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் இருந்த அப்பா வாயைத் திறந்தார்.

"அந்த ரோட்டுல நான் போயிருக்கேன். ஆனா, பாத்ததில்ல."

2003ல், நான் பிறப்பதற்கு முன்னால், மழை ஏமாற்றிய வருஷம். மிளகாயும் பருத்தியும் போச்சு. அப்பா சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார். ராத்திரி பஸ், உட்கார இடம் இல்லை. உளுந்தூர்பேட்டை வரை நின்றுகொண்டே போனாராம். எட்டு மாசம் கழித்துத் திரும்பியதும் ராத்திரியில்தான். அந்த ரோட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, டீக்கடை டியூப்லைட் மட்டும்தான்.

மறுநாள் அப்பாவே வண்டியைக் கொண்டுபோய் ஆயில் மாற்றி, செயின் டைட் பண்ணி, பின் டயரைப் புதுசாகப் போட்டு நிறுத்திவிட்டார். பாலுக்குச் சித்தப்பா பொறுப்பு. சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு கண்டிஷன்: "பகல்ல மட்டும் ஓட்டு. எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லு."

அறுபதைத் தாண்டாதே!

விடிகாலை ஐந்து மணி. பின்னால் என் ரூம்மேட். ஆளுக்கொரு ஹெல்மெட், ஒரு பை, ஒரு ஸ்பேர் டியூப். வேகம் 60. நூறு சி.சி. வண்டியில் அதற்கு மேல் முறுக்கினால், வண்டியும் உதறும், நாமும் உதறுவோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தம்... வண்டிக்கு இல்லை, எங்கள் இடுப்புக்கு! டோல்கேட்டில் டூ வீலருக்குக் காசு இல்லை என்பதால், ஓரமாக ராஜா மாதிரி போனோம்.

மேலூர் தாண்டியதும் மண் நிறமே மாறிவிட்டது. கறுப்பு போய் சிவப்பு. விராலிமலையில் தூரத்து மயில் சத்தம். திருச்சியில் காவிரி, அடுத்து கொள்ளிடம்... வானம் பார்த்த பூமியில் இருந்து போன எங்களுக்கு, பாலத்தில் வண்டியை மெதுவாக்கிப் பார்க்கத் தோன்றியது. பெரம்பலூர் பக்கம் மறுபடி கரிசல். சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருந்தது! மாம்பழப்பட்டு வந்ததும் ரெண்டு பேருமே பேசவில்லை. இங்கே இறங்கித்தானே நடந்தார் அந்தப் பையன்?

திருவண்ணாமலை மலை கண்ணில் பட்டபோது மணி அஞ்சு. பெட்ரோல் செலவு ஏழு லிட்டர் சொச்சம். மொத்தச் செலவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால், ஒரு சினிமா, ஒரு பிரியாணி கணக்குதான்.

மறுநாள் சாயங்காலம் திருச்சியில் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் பகலில் வீடு. கண்டிஷன் என்றால் கண்டிஷன்! அன்று ராத்திரி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். மலை, கோபுரம், காவிரி எல்லாவற்றுக்கும் 'ம்... ம்...' என்றவர், உளுந்தூர்பேட்டை வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வயலாடா?"

"ஆமாப்பா. பச்சைப் பசேல்னு இருக்கு."

கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த லீவு எப்ப?" என்றார்.

ஸோ, ரூம்மேட்டுக்கு ஒரு ஸாரி. அடுத்த ட்ரிப்பில் பின் சீட் ரிசர்வ்டு!