அமராவதியின் தலைமாட்டில்

உடுமலையிலிருந்து மூணாறு போகும் பஸ் ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் சின்னாறின் முள்காடு தொடங்குகிறது. மேற்கே நிற்கும் மலை பருவமழையை வாங்கிக்கொண்டு வெறுங்காற்றைத்தான் சின்னாறுக்கு அனுப்புகிறது. நட்சத்திர ஆமையும் சாம்பல் அணிலும் வாழும் வெக்கையான காடு அது. மறையூரில் சந்தனமரங்களும் வெல்லம் காய்ச்சும் வாசனையும் வந்து போகும். தலையாறு தாண்டித் தேயிலைக்குள் ஏறினால் குளிர் பிடித்துக்கொள்கிறது. சின்னாறில் ஏற்றிவைத்த ஜன்னல் ஷட்டரை வாகுவரையில் எல்லோரும் இறக்கிவிட்டார்கள்.

இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையில் வனத்துறை வண்டி நம்மை இறக்கிவிடும். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடக்கலாம். மேகம் விலகியபோது ஆனைமுடி முழுதாகத் தெரிந்தது. 2,695 மீட்டர்; தென்னிந்தியாவில் இதைவிட உயரமில்லை. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதன் உச்சிவரை கார் போகிறது. ஆனைமுடிக்கு வண்டிப்பாதையே கிடையாது. முந்தின நாள் மழையில் நனைந்த கரும்பாறை நெற்றி, அதில் வெள்ளைக் கோடுகளாக இறங்கும் நீர், இடுக்குகளில் குட்டையான சோலைமரங்கள். அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

பாதையோரம் ஒரு வரையாட்டுக் கடா மேய்ந்துகொண்டிருந்தது. பின்னோக்கி வளைந்த கொம்பில் வரிவரியான மடிப்புகள், முதுகில் வெள்ளி பூசினாற்போல் நரை, முன்முட்டியில் காய்ப்பு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. ஆனால் உலகிலேயே இதன் பெரிய கூட்டம் கேரளத்தின் இந்த 97 சதுர கிலோமீட்டர் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. 1862இல் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி ஆனைமுடி உச்சியில் ஏறினார். பிறகு வெகுகாலம் இந்தப் பகுதி தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடு. 1971இல் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது, 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா.

எங்கள் பஸ்ஸில் வந்திருந்த குமரலிங்கத்துப் பெரியவர் ஒருவர் வனக்காவலரிடம், "ஏனுங்க தம்பி, நம்ம ராஜவாய்க்காத் தண்ணி இங்கிருந்துங்களா வருது?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா, அந்தப் பக்கச் சரிவுல விழற மழை பாம்பாத்துல சேருது. அது உங்க டேமுக்குத்தான்."

கேரளத்தில் கிழக்கே பாயும் ஆறுகள் மூன்றே மூன்று. பவானியும் கபினியும் மற்ற இரண்டு. பாம்பாறு லக்கம் அருவித் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு மறையூரைக் கடந்து, சின்னாறோடு கலந்து, 1957இல் கட்டிமுடித்த அமராவதி அணைக்குள் இறங்குகிறது. கல்லாபுரம், கணியூர் வயல்களும், தாராபுரமும் கரூரும் இந்த ஆற்றை நம்பித்தான். குனிந்து புல்லின் தூரில் கைவைத்தேன், விரல் ஈரமானது. பஞ்சுபோல மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும் இந்தப் புல்வெளியும், பள்ளங்களில் அடர்ந்த சோலையும் சேர்ந்துதான் மழை ஓய்ந்த பின்னும் ஓடைகளைக் கசியவைக்கின்றன.

உச்சிக்கு ஏற யாரையும் விடுவதில்லை. குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் ராஜமலையையே மூடிவிடுகிறார்கள். வண்டியில் திரும்பும்போது சில இளைஞர்கள் ஒருமுறையாவது மேலே விடலாமே என்று குறைப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயிரம் பேர் மிதித்தால் அந்தப் புல் தாங்காது. மூடியே இருக்கட்டும் என்று அவர்களிடம் சொன்னேன். பெரியவரும், "அதுதானுங்க நாயம்" என்றார்.