நிழலில் உலர்த்துக

வாடல், உலர்தல், புலர்தல், உணங்கல், காய்தல், வற்றல், கருகல் என ஈரம் நீங்குவதற்குத் தமிழில் சொற்கள் பல. பேச்சில் ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றி வழங்குகிறோம் எனினும் இவை ஒரே பொருளன அல்ல. பறித்த இலை முதலில் வாடும், பிறகு உலரும், விட்டுவைத்தால் காயும், தீயை அணுகினால் கருகும். பொழுது விடிவதையும் ஈரம் போவதையும் 'புலர்தல்' என்னும் ஒரே சொல்லால் குறித்தவர்கள், முற்றத்தில் அமர்ந்து இவற்றையெல்லாம் நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும். நாட்கணக்கில் நிகழும் அம்மாற்றங்களை ஒரு கண்ணாடிக் கதவின் வழியே சில நிமிடங்களில் காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. வாய்ப்பு என்பதைவிட நெருக்கடி என்பதே பொருந்தும்.

சென்ற ஐப்பசியில் ஊரிலிருந்த வீட்டை விற்றோம். அம்மா எங்களோடு நகரத்து அடுக்ககத்திற்கு வந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. விற்பது குறித்து அவரிடம் கேட்டோம் என்று சொல்வதைவிட, விற்கப்போவதைச் சொன்னோம் என்று எழுதுவதே நேர்மை. அவர் மறுக்கவில்லை. "கொல்லையில இருக்கிற கறிவேப்பிலையை மட்டும் ஒடிச்சிக்கிட்டு வந்துடுங்க" என்றார். வாங்கியவர் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார். மரம் நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பதிவு முடிந்த மாலையில் கொப்புகளை ஒடித்து இரண்டு சாக்குகளில் கட்டிக்கொண்டு திரும்பினோம். வேரடியில் முளைத்திருந்த பக்கக்கன்று ஒன்றையும் பெயர்த்து வந்தோம். தாய்வேரிலிருந்து பிரிந்த அக்கன்று பத்து நாளில் பட்டுப்போயிற்று.

இலையையேனும் காப்பாற்ற வேண்டுமே! பச்சிலைகளை நிழலில் உலர்த்துவது நம் மருத்துவ மரபு. கடும் வெயில் இலையின் பச்சையை வெளுக்கச் செய்யும். மணந்தரும் எண்ணெயையும் ஓட்டிவிடும். ஆனால் நிழலோடு காற்றும் வேண்டும். ஐப்பசி அடைமழையில் அடுக்ககத்துக் கூடத்தில் நிழலுக்குக் குறைவில்லை, காற்றுத்தான் இல்லை. பழைய வேட்டியில் பரப்பிய இலைகள் மூன்றாம் நாள் ஓரங்களில் கறுத்தன. நான்காம் நாள் பூசண வாடை அடித்தது. அப்போதுதான் பால் சுடவைப்பதற்கு மட்டுமே பயன்பட்டுவந்த நுண்ணலை அடுப்பின் நினைவு வந்தது.

இவ்வடுப்பின் செயல் எளிது. 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அலைகள் இலைக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகளை அலைக்கழிக்கின்றன. அந்த அலைக்கழிப்பே வெப்பமாகிறது. வெயில் இலையை வெளியிலிருந்து காய்ச்சும். இதுவோ இலைக்குள் இருக்கும் நீரையே சூடேற்றி வெளியேற்றுகிறது. இலையைக் கறுக்கச் செய்யும் நொதிகள் விரைவிலேயே செயலிழப்பதால் பச்சை நிறமும் பெரும்பாலும் தங்கிவிடுகிறது.

முதல் முயற்சியில் தட்டு நிறைய இலையைக் குவித்து மூன்று நிமிடம் வைத்தோம். வெளியே எடுத்தபோது நடுவிலிருந்தவை துவண்டு கிடந்தன. ஓரத்தில் இருந்தவை கருகியிருந்தன. அம்மா ஓர் இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்தார். "இதைக் காய வைக்கலை. வேக வச்சிருக்கீங்க."

அவர் கூறியது முற்றிலும் சரி. குவியலுக்குள் எழுந்த ஆவி வெளியேற வழியின்றி இலையை அவித்துவிட்டது. எந்திரத்தைத் தொட்டறியாத அவர், பிழை எங்கே என்பதை ஒரு வினைச்சொல்லால் காட்டிவிட்டார்.

அதன்பின் முறையை மாற்றினோம். இலைகளை உருவிக் கழுவி, துணியில் ஒற்றி, மேலீரம் முழுவதும் போக மின்விசிறிக்கடியில் பரப்பினோம். தட்டில் மெல்லிய பருத்தித் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காக ஒரு கைப்பிடி இலை மட்டுமே வைத்தோம். எங்கள் 800 வாட் அடுப்பில் முதலில் ஒரு நிமிடம். வெளியே எடுத்துப் புரட்டி, ஆவி அடங்கியபின் அரை நிமிடம். பிறகு இருபது இருபது நொடிகளாக. இலை சருகொலி எழுப்பி விரலிடையே நொறுங்கினால் நிறுத்திவிட வேண்டும். நீர் குறையக் குறையக் கருகும் வாய்ப்பு மிகும், தீப்பற்றவும் கூடும். எனவே அடுப்பை ஓடவிட்டு அகலுவது கூடாது. ஆறியபின்பே கண்ணாடிப் புட்டியில் அடைக்கவேண்டும்; சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து மறுபடி பூசணம் பிடிக்கும். கால் கிலோ இலை உலர்ந்தபின் நூறு கிராம்கூடத் தேறவில்லை. இதே முறையில் புதினா நன்றாக வந்தது. கொத்துமல்லி மணமிழந்து வைக்கோலாயிற்று.

ஒரு கைப்பிடிக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டு சாக்குக்கு எவ்வளவு? மூன்று இரவுகள். ஒருவர் உருவ, ஒருவர் அடுப்பருகே நிற்க, அம்மா நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து தேர்ந்தார். அந்த மரத்தை நட்டது யார், எந்தப் புயலில் ஒரு கிளை முறிந்தது, அக்கம்பக்கத்தில் யார் யார் கேளாமலே ஒடித்துக்கொண்டு போவார்கள் என்றெல்லாம் அவ்விரவுகளில்தான் சொன்னார். நான்காண்டுகளில் நாங்கள் கேட்டிராத செய்திகள் அவை. நாங்களும் கேட்டதில்லை.

பயன்படுத்தித் தூக்கியெறிவதற்குக் கறிவேப்பிலையை உவமையாக்கிவிட்டது நம் பேச்சு வழக்கு. பழைய இலக்கியம் அவ்வாறு கருதவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வழிச்செல்லும் பாணனுக்கு அந்தணர் இல்லத்தில் கிடைக்கும் விருந்தில், மாதுளங்காயோடும் மிளகோடும் இது 'கஞ்சகம்' என்னும் பெயரில் இடம்பெறுகிறது. நறுமணம் உடையது என்ற அடைமொழியும் அதற்கு உண்டு. வகுப்பில் பலமுறை இதனைச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் சாப்பிட்டெழும்போது இலையோரம் ஒதுக்கிவைத்தும் வந்திருக்கிறோம்.

ஆறு புட்டிகள் நிறைந்தன. ஐந்து தீர்ந்துவிட்டன. கடைசிப் புட்டியை அம்மா பருப்புப்பொடியில் கரண்டியளவாகச் சேர்த்து நீட்டித்து வருகிறார். சென்ற வாரம் திறந்து முகர்ந்தபோது எங்களுக்கு மணம் ஏதும் தெரியவில்லை. எண்ணெய் பெரும்பாலும் போய்விட்டிருக்க வேண்டும். புதிதாகக் கடையில் வாங்கி உலர்த்தித் தரட்டுமா என்று கேட்டோம்.

அம்மா புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இருக்கே" என்று மூடிவைத்துவிட்டார்.