ஓர் எழுத்து

வடசென்னைக் கடற்கரையில் திருவொற்றியூர் என்னும் பழம்பதி உள்ளது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம் அது. அதனைத் ‘திருவொட்டியூர்’ என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒட்டுதல் வேறு, ஒற்றுதல் வேறு. எழுத்து மாறினால் பொருளும் மாறும். இவ்வுண்மையை நான் இலக்கண நூல்களிற் கற்றேன். ஆயினும், அதன் ஆழத்தை எனக்கு உணர்த்தியவன் ஒரு சிறுவன்.

அப்பொழுது நான் இராயபுரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். மாணவருட் பலர் காசிமேட்டு மீனவர்தம் மக்கள். ஒருநாள், ‘என் குடும்பம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். ஒரு மாணவன், ‘என் தந்தை கடலில் இரந்தார்’ என எழுதியிருந்தான். இரத்தல் என்பது பிச்சை கேட்டல். நான் அவ்வரியை உரக்கப் படித்து, “தம்பி, உன் தந்தை கடலிடம் என்ன பிச்சை கேட்டார்?” என்றேன். வகுப்பு முழுதும் நகைத்தது.

அவன் எழுந்து நின்றான். “ஐயா, கட்டுமரம் கவிழ்ந்துவிட்டது. அப்பா திரும்பி வரவில்லை” என்றான். வகுப்பில் ஓசை அடங்கியது. நான் நாணித் தலைகுனிந்தேன். பிழையைக் கண்ட என் கண், அவன் துயரைக் காணவில்லை.

அன்று மாலை அவனை அருகில் இருத்தி, என் பிழைக்கு வருந்தினேன். பின்னர், “நுனிநா மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை வருடினால் ரகரம் பிறக்கும், அண்ணத்தை ஒற்றினால் றகரம் பிறக்கும். இது தொல்காப்பியர் கூறிய முறை. திருவொற்றியூரில் உள்ள ‘ஒற்று’ என்னும் சொல்லையே அவரும் ஆள்கிறார்” என்று விளக்கினேன். கடலின் ஓரம் கரை. துணியில் படிவது கறை. மீன் தேடுவது இரை; நாம் வணங்குவது இறை. இவற்றை அவன் பலமுறை சொல்லிப் பழகினான். பிறகு, தன் கட்டுரையை எடுத்து, ‘இறந்தார்’ என்று தானே திருத்தினான்.

ஆங்கிலத்தில் ஞாயிற்றுக்கும் மகனுக்கும் ‘சன்’ என்னும் ஒலி ஒன்றே. எழுத்து மட்டுமே வேறு. தமிழிலோ ரகர றகரங்களுக்கு ஒலியே வேறு. நம் பேச்சுவழக்கே அவ்வேறுபாட்டை மறந்தது. ஆதலின், நாவைப் பழக்கினால் கையும் பிழை செய்யாது.

மாணவர்களே, பிழையின்றி எழுதப் பழகுங்கள். பிறர் பிழையைத் திருத்த நேர்ந்தால், அவர் சொல்ல வந்ததை முதலில் கேளுங்கள். பிறகு எழுத்தைத் திருத்துங்கள்.