சட்டை இல்லாத ஆர்வெல்

லண்டனுக்குப் போகிறவர்கள் ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப் போவது வழக்கம். 2019 அக்டோபரில் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் போன நான், கூடவே ஒரு பழைய புத்தகத்தையும் எடுத்துப் போனேன். வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்தவர் அப்பா.

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்'. 1963ல் அப்பா மூர் மார்க்கெட்டில் இரண்டு ரூபாய்க்கு வாங்கியது. (கடைக்காரன் இரண்டே கால் சொன்னானாம். அந்தக் கால் ரூபாய் பேரத்தின் கதையை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம்.) மூர் மார்க்கெட் 1985ல் தீயில் போய்விட்டது. புத்தகம் எங்கள் வீட்டுப் பீரோவில் பிழைத்துக் கிடந்தது.

நாவல்களின் முதல் பதிப்புக்கு வெளிநாட்டில் லட்சக்கணக்கில் விலை என்று பேப்பரில் ஒரு துணுக்கு. அதைக் கத்தரித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்தார் அப்பா. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ண வேண்டும், ரெண்டு லட்சம் ஆகும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகியிருந்தது. நான் தருகிறேன் என்றால் கேட்டால்தானே!

"உன் காசு வேண்டாம்டா. என் பொண்டாட்டிக்கு நான்தான் செலவு பண்ணணும். இதை வித்துட்டு வா, போதும்."

முதல் சனிக்கிழமை காலை லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷனில் இறங்கினேன். சேரிங் கிராஸ் ரோடிலிருந்து பிரிகிறது செசில் கோர்ட் என்ற சந்து. கார் நுழையாது. இரண்டு பக்கமும் விக்டோரியா ராணி காலத்து முகப்போடு சின்னச் சின்னக் கடைகள். முக்கால்வாசி பழைய புத்தகம், பழைய மேப், பழைய படம். 1764ல் எட்டு வயசு மொசார்ட் குடும்பத்தோடு இந்தச் சந்தில்தான் குடியிருந்தார். நம் ஊராக இருந்தால் அவர் பெயரில் ஒரு டீக்கடையாவது இருந்திருக்கும்.

ஜன்னலில் இருந்த புத்தகங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கண்ணாடிக் காகிதத்தில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றது. விலைச் சீட்டைப் பார்த்ததும் 90ஆல் பெருக்கி, உடனே நிறுத்திக்கொண்டேன்.

ஒரு கடையில் நுழைந்தேன். ஸ்வெட்டர் போட்ட பெரியவர். எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும் முகம் மலர்ந்தது. "ஆர்.கே.நாராயண் ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா?" 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' முதலில் வந்தது லண்டனில்தான். கிரஹாம் கிரீன் சிபாரிசில் ஹாமிஷ் ஹாமில்டன் கம்பெனி 1935ல் போட்டது. அந்தப் பதிப்பு கிடைப்பது குதிரைக் கொம்பாம். இல்லை என்று சொல்லி, வேட்டியைப் பிரித்தேன்.

பெரியவர் தலைப்புப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், ஜோசியர் ஜாதகத்தில் லக்னம் தேடுகிற மாதிரி. 'முதல் வெளியீடு 1949' என்று இருந்தது. கீழே மறு அச்சு என்று ஒரு வரியும் இல்லை. செக்கர் அண்ட் வார்பர்க் கம்பெனி.

"முதல் பதிப்புதான்" என்றார்.

அப்பா ஜெயித்துவிட்டார்! அம்மா கோயில் பிரகாரத்தைச் சுற்றி நடப்பது கண்ணில் தெரிந்தது. அந்தக் காட்சி நாலு செகண்டு ஓடியது.

பெரியவர் புத்தகத்தை மூடி, மேல் அட்டையைத் தடவினார். அப்புறம் அனுதாபத்தோடு பாடம் எடுத்தார். நீங்கள் பரணில் ஏறுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடம் ஒன்று: பின்னால் வந்த சில கம்பெனிகள் வருஷத்தோடு 10லிருந்து 1 வரை ஒரு வரிசை எண்ணும் போடுவார்கள். ஒவ்வொரு மறு அச்சுக்கும் சின்ன எண்ணாகப் பார்த்து நீக்குவார்கள். 1 இருந்தால் முதல் அச்சு.

பாடம் இரண்டு: பிழை இருந்தால் சந்தோஷப்படுங்கள். 1925ல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' முதல் அச்சுக்கு அடையாளமே 205ம் பக்கத்து அச்சுப்பிழை. 1997ல் 'ஹாரி பாட்டர்' முதல் புத்தகம் கெட்டி அட்டையில் 500 பிரதிதான் அடித்தார்கள். அதில் 53ம் பக்கத்தில், பள்ளிக்கு வாங்க வேண்டிய சாமான் லிஸ்டில் மந்திரக்கோல் இரண்டு தடவை வரும். (அப்படிப்பட்ட ஒரு பிரதி 2021ல் அமெரிக்க ஏலத்தில் 4,71,000 டாலருக்குப் போனது. என் ரிப்போர்ட்டில் ஒரு வரி இரண்டு தடவை வந்தால் மெமோதான் வருகிறது.)

பாடம் மூன்றுதான் அடி. புத்தகத்துக்குச் சட்டை முக்கியம். சட்டை என்றால் மேலே மாட்டியிருக்கும் காகித ஜாக்கெட். தூசி படாமலிருக்கப் போட்டது. அந்தக் காலத்தில் பிரித்துத் தூக்கிப் போடுவார்கள். தூக்கிப் போட்டதாலேயே அபூர்வமாகிவிட்டது. கேட்ஸ்பி சட்டை இல்லாமல் சில ஆயிரம் டாலர். நல்ல சட்டையோடு லட்சம் டாலரைத் தாண்டும். உள்மடிப்பில் விலை போட்ட மூலையைக் கத்தரித்திருந்தால்கூட மதிப்பு இறங்கும்.

"உங்கள் ஆர்வெலுக்குச் சட்டை இருந்திருந்தால் சில ஆயிரம் பவுண்டு பேசலாம். சட்டை இல்லை. பரவாயில்லை. ஆனால் ஒரிஜினல் துணி அட்டையும் இல்லையே?"

எப்படி இருக்கும்? அப்பா புத்தகத்தை நேசித்தவர். அட்டை தளர்ந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து, மூன்று பக்கமும் விளிம்பை வெட்டி, காலிகோ ஒட்டி, முதல் பக்கத்தில் தன் பெயரை ரப்பர் ஸ்டாம்பால் குத்தி, கீழே பேனாவால் 'இரவல் கிடையாது' என்றும் எழுதியிருந்தார்.

"நாற்பது பவுண்டு தரலாம்" என்றார் பெரியவர். "அதுவும் மதராஸிலிருந்து வந்ததற்காக."

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். சேரிங் கிராஸ் ரோடில் வடக்கே நடந்தால் 84ம் நம்பர். மார்க்ஸ் அண்ட் கோ என்ற பழைய புத்தகக் கடை இருந்த இடம். நியூயார்க்கிலிருந்து ஹெலன் ஹான்ஃப் என்ற எழுத்தாளர் 1949லிருந்து இருபது வருஷம் அந்தக் கடைக்குக் கடிதம் எழுதி, புத்தகம் வரவழைத்துப் படித்தார். கடிதங்கள் 1970ல் புத்தகமாக வந்தன. கடையை நேரில் பார்க்க அவர் வந்து சேர்ந்தபோது மூடிவிட்டார்கள். சுவரில் வட்டமாக ஒரு தகடு மட்டும் இருக்கிறது. படிக்கத்தான் வாங்கினார் அந்த அம்மாள். அப்பாவும் அப்படித்தான். அது எந்த விலைச் சீட்டிலும் வராது.

தகட்டடியில் நின்று ஒரு பொய் தயாரித்தேன். புத்தகத்தை வைத்துக்கொள்வது, என் பணத்தைப் போட்டு விற்றதாகச் சொல்லிவிடுவது. போன் போட்டேன்.

"அப்பா, வித்துட்டேன். ரெண்டாயிரம் பவுண்டு! கிட்டத்தட்ட நம்ம ரெண்டு லட்சம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கண்ணாடிக் கூடு திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏண்டா, பேப்பர்ல ஜாக்கெட் இருந்தாத்தான் விலைன்னு போட்டிருக்கே. ஜாக்கெட் இல்லாம எவன்டா உனக்கு ரெண்டாயிரம் குடுத்தான்?"

மாட்டிக்கொண்டேன். நாற்பது பவுண்டு வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தால், அப்பா சிரிக்கிறார்.

"அந்த ஜாக்கெட் எங்க போச்சு தெரியுமா? பச்சை கலர். வழவழன்னு இருக்குன்னு நீதான் அழுது அடம் பிடிச்ச. நாலாங்கிளாஸ் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக் குடுத்தேன். ஒரே மாசத்துல கிழிச்சுண்டு வந்து நின்ன."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"ஆக, நஷ்டம் உன்னாலதான்" என்றார் அப்பா, ஹெட் கிளார்க் குரலில். "முட்டி ஆபரேஷன் பணத்தை நீயே கட்டிடு. அது தர்மம் இல்லடா, நஷ்டஈடு. புஸ்தகத்தைப் பத்திரமா கொண்டு வா."

அம்மா இப்போது கோயிலில் மூன்று சுற்று சுற்றுகிறாள். ஆர்வெல் பழையபடி பீரோவில். நான் ஒரு நோட்டுக்கு அட்டை போட்ட செலவு ரெண்டு லட்ச ரூபாய்.