மிச்சமிருந்த நான்கு நொடி

அண்ணாச்சி தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தது 2019 ஜனவரியில். மளிகைக் கடைக்காரர். கையில் ஒரு போன், அதில் ஒரு வீடியோ, ஆதாரம் அவ்வளவுதான். பள்ளிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி, இறுதியாட்டம். மகனின் அணி 61-62 என்று ஒரு புள்ளி பின்தங்கி நிற்கிறது. கடைசி நொடிகள். பையன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி லே-அப் போடுகிறான். பந்து வளையத்தில் விழுகிறது. அதற்குள் விசில் சத்தம்; கடிகாரத்தில் நான்கு நொடி மிச்சம். நடுவர் இரண்டு முஷ்டியையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சுழற்றி 'டிராவலிங்' (பந்தைத் தட்டாமல் விதியை மீறி அடியெடுத்தல்) காட்டுகிறார். பந்து எதிரணிக்குப் போனது. அவர்கள் உள்ளே எறிந்து இரண்டு கை மாற்றியதும் ஆட்டம் முடிந்தது.

"டிராவலிங்கே கிடையாது சார். அவரு தெரியாம ஊதிட்டாரு. அதை மறைக்கத்தான் கையைச் சுத்துனாரு" என்றார் அண்ணாச்சி. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கும்போது முதலிடச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று விசாரித்து வைத்திருந்தார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு இரவு சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்தேன். இரண்டு சத்தங்களுக்கு இடையே அது காட்டும் வேறுபாடு என்னைப் பிடித்துக்கொண்டது. 24 நொடிக் கடிகாரத்தின் ஒலி தவறுதலாக எழுந்தால் அதைக் காதில் வாங்காமல் ஆட்டத்தைத் தொடரலாம். பந்து வைத்திருக்கும் அணிக்கு அதனால் பாதிப்பு என்று நடுவர் கருதினால்தான் நிறுத்த வேண்டும். நடுவரின் விசில் அப்படியல்ல. ஊதிய கணமே பந்து செத்துவிடும். தெரிந்து ஊதினாரா, தெரியாமல் ஊதினாரா என்ற கேள்வியே இல்லை. கூடைக்கு எறியப்பட்ட பந்து அந்த நேரத்தில் காற்றில் இருந்தால் மட்டும் புள்ளி உண்டு. கையில் இருந்தால் கிடையாது. எதிராளி ஃபவுல் செய்திருந்தால் தொடங்கிய எறிதலை முடிக்கலாம். தவறி வந்த விசிலுக்கு அந்தச் சலுகை இல்லை. பந்தை வைத்திருந்த அணிக்கே, நின்ற இடத்துக்கு அருகில் த்ரோ-இன் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

இதில் நியாயம் இருக்கிறது. வீடியோவில் ஒரு தடுப்பாட்டக்காரன் விசில் கேட்டதும் தூக்கிய கையை அப்படியே கீழே போட்டுவிடுகிறான். விசிலை நம்பி நின்றவன் தலைக்கு மேல் பந்தைப் போட்டுவிட்டு, 'அது சும்மா வந்த விசில்' என்று சொல்ல முடியாது.

ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. விசில் எழுந்தபோது பந்து எங்கே இருந்தது?

என் ஜூனியர் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர். வீடியோவை மடிக்கணினியில் ஏற்றி ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினார். நொடிக்கு 30 சட்டகம். விசில் ஒலி தொடங்கும் சட்டகத்தில் பந்து விரல் நுனியை விட்டு ஓர் அங்குலம் மேலே நின்றது. அண்ணாச்சி மேசையைத் தட்டினார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

ஜூனியர் மட்டும், "போனை யார் பிடிச்சிருந்தா, எங்கே நின்னு?" என்று கேட்டார். பையனின் சித்தப்பா, எதிர்ப்பக்கக் கூடைக்குப் பின்னால் நின்று. களத்தின் நீளம் 28 மீட்டர். நடுவருக்கும் போனுக்கும் இடையே எப்படியும் 25 மீட்டர் இருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். காட்சி உடனே வந்துவிடும், சத்தம் இரண்டு சட்டகம் பிந்தி வரும். ஜூனியர் இரண்டு சட்டகம் பின்னால் போனார். பந்து உள்ளங்கையில் இருந்தது.

அப்போதுதான் பையன் வாயைத் திறந்தான். "கையிலதான் சார் இருந்துச்சு. சத்தம் கேட்டுச்சு. ஆனா கை நிக்கலை."

அண்ணாச்சி மகனைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அன்றைக்கே பிராதை மாற்றினேன். அந்த இரண்டு புள்ளியைக் கேட்கவில்லை. டிராவலிங் இல்லையென்றால் பந்து இவர்களுக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே அந்த நான்கு நொடியை மறுபடி ஆடவிட வேண்டும். அதுவரை சான்றிதழ் வழங்கத் தடை வேண்டும் என்று முன்சீப் கோர்ட்டில் இடைக்கால மனு போட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகத் தயாரித்து வந்திருந்தார். அணித்தலைவர் ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் ஸ்கோர் ஷீட்டில் ஆட்சேபக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்; போடவில்லை. போட்டிருந்தாலும், ஸ்கோர் எழுதியதிலும் கடிகாரத்திலும் திருத்தப்படாத பிழை, ஆட்டத்தை ரத்து செய்வது போன்ற முடிவுகள், தகுதி விதி மீறல் இவற்றுக்குத்தான் ஆட்சேபம் செல்லும். அடுத்து, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 1981-இல் தீர்த்த வாடெல் வழக்கை எடுத்து வைத்தார். அமெரிக்கக் கால்பந்தில் நடுவர் விதியைத் தப்பாகப் போட்டார் என்று பெற்றோர்கள் வழக்குத் தொடுக்க, விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னது விசாரணை நீதிமன்றம். நடுவரின் தீர்ப்பை மறு ஆய்வு செய்ய நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்று மேலே அதை ரத்து செய்துவிட்டார்கள்.

நான் 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தைச் சொன்னேன். கடைசி மூன்று நொடியில் அமெரிக்காவின் டக் காலின்ஸ் இரண்டாவது ஃப்ரீ த்ரோவுக்குப் பந்தைத் தூக்கும்போது மேசையிலிருந்து ஹார்ன் அலறியது. நடுவர் நிறுத்தவில்லை. பந்து விழுந்தது, 50-49. அதன் பிறகு வந்த குழப்பத்தில் அந்த மூன்று நொடி மறுபடி மறுபடி ஆடப்பட்டு, சோவியத் அணி 51-50 என்று வென்றது. உலகமே பார்த்த ஆட்டத்தில் நொடிகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்களே என்பது என் வாதம். "அதே இரவில், அதே தரையில் கொடுத்தார்கள், யுவர் ஆனர். அப்படியும் நடுவர் ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்தார், மேல்முறையீட்டுக் குழு மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தது, அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை" என்றார் அவர். அந்தப் பதில் சரியானது.

இரண்டாம் பிரதிவாதியான நடுவர் வக்கீல் வைக்கவில்லை. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டதும் எழுந்தார்.

"அய்யா, அது தவறி வந்த விசில். பையன் டிராவல் பண்ணலை."

கோர்ட் ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"பின்னே ஏன் டிராவலிங் காட்டினீங்க?"

"விசில் பல்லுக்கு நடுவுல இருந்துச்சுங்க. அவன் கூடவே ஓடி வந்த மூச்சு அதுக்குள்ள போயிடுச்சு. இப்ப உள்ள விசில்ல குண்டு கிடையாது, லேசா ஊதினாலே கத்தும். கத்தினதும் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. என்னன்னு கேப்பாங்களேன்னு கை தானா சுத்திடுச்சு."

நீதிபதி அதை வார்த்தைக்கு வார்த்தை பதிவு செய்துகொண்டார். மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார். பந்து இவர்கள் கைக்கு வந்திருந்தாலும் நான்கு நொடியில் கூடை விழுந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பது ஒரு காரணம். முடிவு நிச்சயமாக மாறியிருக்கும் என்ற தெளிவான சான்று இல்லாமல் ஆட்ட முடிவை மாற்றக் கூடாது என்று விதிப்புத்தகமே சொல்வதையும் உத்தரவில் சேர்த்திருந்தார். மேல்முறையீடு வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். இன்றைக்கும் அதே யோசனையைத்தான் சொல்வேன்.

விசில் தவறியதில் நடுவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மூச்சு யாருக்கும் தவறும். அடுத்த நொடியில் அந்த இரண்டு முஷ்டியும் சுழன்றதே, அதைத்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. செய்யாத தப்பை ஒரு பதினேழு வயதுப் பையன் பேரில் எழுதிய கை அது.

வெளியே வேப்பமரத்தடியில் அவரே பையனிடம் வந்தார். "வலது கையை விரிச்சு மேலே தூக்கிக் கடிகாரத்தை நிறுத்தியிருக்கணும்டா. மேசைக்குப் போயி, 'என் விசில், தவறிடுச்சு, பந்து இவங்களுக்கு'ன்னு சொல்லியிருக்கணும். நாலு நொடியையும் போர்டுல பாத்து உறுதிப்படுத்தியிருக்கணும்." சொல்லும்போது அவர் கை உண்மையிலேயே மேலே போனது.

பையன் செருப்புக் காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தான். "போர்டுக்கு நேர் பின்னால போட முடியாதுல்ல சார். இந்தப் பக்கமா வந்திருக்கும்" என்றான்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று அவர் குனிந்து இடத்தைக் காட்டினார்.